கருவி காண்பதும் கண் காண்பதும்

2023 டிசம்பரில் கோட்டயம் அருகே குமரகத்தில், கைவிரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் கிடைத்தது. அதிசயம் ஒன்றுமில்லை. விரல் இல்லாதவரைக் கருவிழியை மட்டும் வைத்துப் பதியலாம் என்ற நெறிமுறை 2014 முதலே இருந்தது. முன்பு பதிந்தபோது அவருக்கு ஆதார் கிடைக்காததற்குக் காரணம், ஆபரேட்டர் அதைப் பின்பற்றாததே என்றது மத்திய அரசு. விரலோ கருவிழியோ பதிய முடியாத சுமார் 29 லட்சம் பேருக்கு அதுவரை ஆதார் வழங்கியிருப்பதாகவும் சொன்னது.

ஆகவே கோளாறு கருவியில் இல்லை, பயிற்சியில்.

திருவனந்தபுரத்து அக்ஷயா மின்சேவை மையங்களில் ஆதார் பதிவுக்கு உட்காருபவர் சான்றிதழ்த் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இடக்கை நால்விரல், வலக்கை நால்விரல், இரு கட்டைவிரல், பிறகு கருவிழிகள் என வரிசை சீக்கிரம் கைக்கு வந்துவிடும். கருவி என்ன சொல்கிறது என்பது மனதில் பதியத்தான் நாளாகும். அது ‘இவர்தான்’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. சரிபார்க்கும்போது பழைய பதிவோடு புதியது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடப்படுகிறது, அவ்வளவே. தேர்ச்சி வரம்பை உயர்த்தினால் உரியவரே வெளியே நிற்பார். தாழ்த்தினால் வேறொருவர் உள்ளே வருவார். ஒன்றை அறிய சைவ சித்தாந்தம் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லும். கருவி தருவது கருதல். ஆபரேட்டர்கள் அதையே காட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொல்லத்து முந்திரித் தொழிலாளியின் விரலைக் கொட்டையின் எண்ணெய் அரித்து ரேகை மங்கியிருந்தால், ஆளே பொய் என்றாகிவிடுமா?

திருவனந்தபுரத்துச் செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு ‘ஜாதி லட்சணம்’ என்ற சிறு நூலில் உடம்பையே சாட்சிக்கு அழைத்தார். பார்த்தாலே மனிதர் என்று தெரிகிறபோது என்ன ஜாதி என்று விசாரிப்பானேன் என்பது அவர் வாதம். எல்லோரும் ஓரினம் என்று காட்ட அவருக்கு உடம்பு உதவியது; கருவியோ ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்க அதே உடம்பைக் கேட்கிறது. மோசடியைத் தடுக்க அந்தக் கேள்வியும் வேண்டியதுதான். ஆனால் குருவின் பார்வை முதலில் வர வேண்டும், ரேகை பிறகு.

விரலோ கருவிழியோ பதிய முடியாதவருக்கான விதிவிலக்குப் பதிவில் முகத்தோடு இரு கைகளும் தெரியப் படம் எடுக்க வேண்டும். அங்கே ஆபரேட்டரின் கண்ணே அளவை. சான்றிதழ்த் தேர்வோ விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கணினித் தேர்வு. கருவி மறுத்த பிறகு எதிரே இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எதை நம்புவது என்பதை அதில் சோதிக்க முடியாது. அனுபவப்பட்ட ஆபரேட்டர் புதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொல்லித்தர வேண்டும்.