சாவிக்கு முன் சங்கிலி

வண்டிப் பராமரிப்பை இளையவர்கள் கற்கத் தொடங்க ஏற்ற வண்டி சைக்கிள்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களிடம் கொண்டு சேர்த்தது. இன்று 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி தருகிறது. தொங்கும் சங்கிலியை இறுக்கவும், தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றவும், பஞ்சர் ஒட்டவும் அதிலேயே பழகிவிடலாம். கை தவறினாலும் நட்டம் குறைவு.

கியர் வண்டிக்கு உரிமம் 18 வயதில்தான். அதற்கு முன்பே சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது.

பைக்கில் பலரும் கவனிக்காதது புழுதி. புதுக்கோட்டையின் செம்மண் சாலைகளில் அது ஏர் ஃபில்டரை அடைத்து இழுவையைக் குறைக்கும். சங்கிலியின் பழைய எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள்போலப் பல்சக்கரத்தை அரைக்கும். அழுக்கின் மேலேயே புது எண்ணெய் விடுவது பிள்ளைகளின் வழக்கம், பெரியவர்களும் விதிவிலக்கல்ல. முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே எண்ணெய் விட வேண்டும். டயர் காற்றை, ஓடிச் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். ஆயில் அளவைப் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தவறும்.