வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி

காரைக்குடியில் அப்பத்தா வீட்டுக்கு ஒருமுறை ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்தார். முதியவர்களின் உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வு. மூன்று பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் அப்பத்தா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"என்னன்னு கேக்க வேணாமா அப்பத்தா?"

"வெயில்ல வந்திருக்கு புள்ள. வேணாம்னு எப்புடிச் சொல்றது?"

அவள் கொடுத்தது சம்மதமா, உபசாரமா?

சாப்பாட்டுக் கேள்விகள்தானே, பாதகமில்லை. ஊசி என்றால்? 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளை வைத்து கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்று நடந்தது. தடுப்பூசி நல்லதா என்பது வேறு கேள்வி. நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013 அறிக்கைப்படி, ஆந்திராவின் 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். சோறு போடுகிறவரே கையெழுத்தும் போட்டால், பிள்ளை யாரிடம் போய் மறுக்கும்?

தகவல் சொன்னோமா என்று மட்டும் பார்க்கிறோம். மறுத்தால் அவருக்கு என்ன இழப்பு என்றும் கேட்க வேண்டும். இழப்பில்லாமல் மறுக்க முடிகிற இடத்தில்தான் 'சரி' என்ற சொல்லுக்கு அர்த்தம்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். 'ஏற்கிறேன்' பொத்தானைப் பெரிதாக, பச்சையில் வைத்திருக்கிறேன். 'வேண்டாம்' என்பதைச் சாம்பல் நிறத்தில், கீழே. அதில் வந்த கிளிக்குகளையெல்லாம் சம்மதம் என்றுதான் எண்ணினோம்.

அந்த மாணவி படிவத்தை வைத்துவிட்டு, "நாளைக்கு வரேன் ஆச்சி" என்று போயிருக்கலாம். ராத்திரி அப்பத்தா என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள். மறுநாளும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அது அவளுடைய கையெழுத்தாக இருந்திருக்கும்.