வீடு என்னுடையது, நீதியும் என்னுடையதா?

மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என மூன்றாக எண்ணுவது நம்மவர் வழக்கு. இவற்றுள் முதலிரண்டையும் காசுள்ளவன் எவனாயினும் கடைத்தெருவிற் பெற்றுக்கொள்ளலாம். அரிசி விற்பவன் வாங்குவோனுடைய இனத்தைக் கேட்பதில்லை. துணி விற்பவன் குலத்தைக் கேட்பதில்லை. மூன்றாவதாகிய உறையுளை வாடகைக்குக் கேட்கச் செல்லும்போது மட்டும், "நீர் எவ்வளவு கொடுப்பீர்?" என்னும் கேள்விக்கு முன்னே, "நீர் யார்?" என்னும் கேள்வி வந்து நிற்கின்றது. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீடு தேடி அலைந்த தமிழர் பலருக்கு இஃது புதிய செய்தியன்று. "இந்தியர் வேண்டா" என்று விளம்பரத்திலேயே எழுதுவோர் உளர். எழுதாமல், தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் "வீடு போய்விட்டது" என்போரும் உளர். காரணம் வினவினால் கிடைக்கும் விடை ஒன்றே: "வீடு என்னுடையது, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்." இவ்விடை அறத்துக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நம்மவர் வாடகை வீட்டை நாடி நிற்க நேர்ந்த காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடில்களை அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லாற் கட்டுவித்தனர். செங்கற்சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பிறகு இரயில்வே வந்தது. அதில் உழைத்த தமிழர் அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்தனர். தோட்டங்களில் உழைத்தோருக்கு லயம் கிடைத்தது. குவார்ட்டர்ஸாயினும் லயமாயினும் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் போம். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்களுக்கு அம்மண்ணில் ஒரு சாணும் உரிமையாகவில்லை. ஏனெனில் இந்நாட்டு நிலச்சட்டம் உழைத்தவன் பெயரைப் பாராது, பதிவேட்டிலுள்ள பெயரையே பார்க்கும்.

நகரத்துப் பழங்கட்டடங்களில் குடியிருந்தோர்க்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 சனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்டவற்றின் வாடகையை உயரவொட்டாமல் தடுத்து வந்தது. 1997இல் அதனை நீக்க வேறு சட்டம் பிறந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தவுடன் அப்பாதுகாப்பும் மறைந்தது. வடக்கே ஜார்ஜ் டவுனில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இவ்வாறு சந்தைக்கு விடப்பட்டன. சொந்த வீடு வாங்கலாமென்றாலோ, வீட்டு விலை ஒரு குடும்பத்தின் மூன்றாண்டு வருமானத்துக்கு மேற்படலாகாது என்பது பொருளறிஞர் கொண்ட அளவு. 2014இல் இந்நாட்டில் அது 4.4 ஆண்டு வருமானமாக இருந்ததென்று கஸானா ஆராய்ச்சி நிலையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஆகவே லயத்தை இழந்து, வீடு வாங்கவும் வகையற்றவனுக்கு வாடகை வீடொன்றே புகலிடம். அந்தக் கதவையும் இனத்தின் பெயரால் அடைத்தால் அவன் எங்கே போவான்?

இனி, வீட்டுக்காரர் வாதத்தை நடுவுநிலையோடு நோக்குவோம். உழைத்துச் சேர்த்த பொருளின்மீது ஒருவனுக்கு உரிமையில்லை என்று நாம் சொல்லவில்லை. தான் உண்டு உறங்கும் வீட்டுக்குள் யாரைச் சேர்ப்பது என்பதை ஒருவனே தீர்மானிக்கலாம். அதில் அயலார் தலையிடுதல் தகாது. ஆனால் தான் வாழும் இல்லம் வேறு. வருமானத்துக்கென வைத்திருக்கும் வீடு வேறு. பின்னதற்கு விளம்பரம் செய்து, விலை கூறி, ஊராரை அழைத்தவுடன் அவன் வணிகனாகின்றான். கடையைத் திறந்து வைத்துவிட்டு, "இன்னார் உள்ளே வரலாகாது" என்பவனை நாம் எவ்வாறு மதிப்போமோ, அவ்வாறே இவனையும் மதித்தல் வேண்டும். அமெரிக்காவில் 1968இல் செய்த வீட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கருதியே, நான்கு குடித்தனத்துக்கு மேற்படாத கட்டடத்தில் உடையவனும் உடன் வசிப்பானாயின் அவனுக்கு விலக்கு அளித்தது. எனினும் "இன்ன இனத்தார் வேண்டா" என்று விளம்பரம் செய்யும் உரிமையை அவனுக்கும் அச்சட்டம் தரவில்லை. உள்ளத்து வெறுப்பைச் சட்டம் நீக்க இயலாது. அதனை ஊரறியப் பறைசாற்றுவதைத் தடுக்க இயலும்.

"முன்பு ஒரு தமிழர் வாடகை பாக்கி வைத்தார், வீட்டைப் பாழாக்கினார், அதனால் அஞ்சுகின்றேன்" என்று சிலர் கூறுவர். அவ்வச்சம் பொய்யென்று நாம் தள்ளவில்லை. ஆயினும் அதற்கென்றே இந்நாட்டு வழக்கத்தில் மருந்து இருக்கின்றது. குடிவருவோர் இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகவும், ஒரு மாத வாடகையை முன்பணமாகவும் கட்டுகின்றனர். தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கெனத் தனித் தொகையும் பெறப்படுகின்றது. வேலைச் சான்றும் சம்பளச் சீட்டும் கேட்கலாம். பழைய வீட்டுக்காரரை விசாரிக்கலாம். இவையெல்லாம் வந்து நிற்கும் மனிதனைப் பற்றிய கேள்விகள். நேர்மையான நடத்தையால் அவன் இவற்றுக்கு விடை கூற இயலும். "நீ இன்ன இனத்தான்" என்பதற்கோ அவன் விடை கூற வழியில்லை. பத்தாண்டு தவறாது வாடகை கட்டியவனும், பத்து மாதம் ஏமாற்றியவனும் அக்கணக்கில் ஒருவரே. நடத்தையால் மாற்றிக்கொள்ள முடியாத பழியை ஒருவன்மீது பிறப்பினால் சுமத்துதல் எதுவோ, அதுவே சாதி. பெயர் மட்டும் இங்கு வேறாகின்றது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா எனின், நம் கூட்டரசு அரசமைப்பின் எட்டாம் பிரிவு சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கின்றது. ஆனால் அரசமைப்பு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் ஒருவர்க்கொருவர் செய்வதைக் கட்டுப்படுத்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் ஒரு வழக்கில் கூறிற்று. இங்கிலாந்திலும் 1965இல் செய்த முதற் சட்டம் வீட்டைத் தொடவில்லை. அக்குறையை உணர்ந்து 1968இல் வீட்டையும் வேலையையும் சேர்த்துக்கொண்டனர். இங்கும் அத்தகைய சட்டம் வேண்டுமென்று கேட்பது நம் உரிமை.

உரிமையைக் கேட்குமுன் நம் வீட்டுக் கதவையும் நாம் பார்த்தல் வேண்டும். பழைய தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு லயமென்று பிரித்து வைத்திருந்ததை யார் மறைக்க முடியும்? அதனைப் போக்கவே சுயமரியாதை இயக்கம் இந்நாட்டிற் பரவியது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் இங்கு வந்ததும் அவ்விழிவைச் சாடவே. அத்தனைக்குப் பின்னும், வீடு விடும் தமிழருள் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று நயமாகக் கேட்போர் இல்லையா? வங்காளதேசத்தானும் நேப்பாளியும் வந்து கேட்டால், நமக்குப் பிறர் கூறிய அதே சொற்களை நாம் கூறுவதில்லையா? "சமையல் மணம் பிடிக்காது" என்று நம்மைத் தள்ளினால் அது அவமானம். அதே காரணத்தால் நாம் வேறொருவனைத் தள்ளினால் அது முன்னெச்சரிக்கையா? தன்மீது விழுந்தபோது மட்டும் அநீதியென்று கூவுவது நீதிப்பற்று ஆகாது. அஃது அடிபட்டவனின் முனகல் மட்டுமே.

ஆதலின் இரு திறத்தாரும் செய்யத்தக்கவை உள. வீடுடைய தமிழர், வருவோனுடைய வருமானத்தையும் நாணயத்தையும் விசாரித்துப் பிறப்பை விசாரியாதிருத்தல் வேண்டும். கடைவீடுகளை வாடகைக்கு விடும் கோயில்களும் சங்கங்களும் இதனை ஒரு தீர்மானமாகவே எழுதிவைத்தல் நன்று. குடியிருப்போர், வாடகையைத் தவறாது செலுத்தி ரசீதுகளைச் சேர்த்து வைத்தலும், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி முத்திரை வரி கட்டுதலும், விட்டுப் போகும்போது வீட்டைத் துப்புரவாக ஒப்படைத்தலும் கடமையாகும். ஒருவன் செய்யும் தவற்றுக்கு ஓரினமே பொறுப்பென்று நாம் ஒப்பவில்லை. ஆயினும் அடுத்து வருபவன் அதன் பலனை அனுபவிக்கின்றான் என்பதை மறத்தலாகாது.

வீடு ஒருவனுடையதாக இருக்கலாம். அதனை விலை கூறி ஊரார்முன் வைத்தபின், ஊரார் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் அவன் கடன். பிறர் இதை நமக்குச் செய்யவேண்டுமென்று வேண்டுகின்றோம். அடுத்த முறை நம் வீட்டு வாயிலில் ஒருவன் வந்து வாடகை கேட்கும்போது, அவன் பெயரைக் கேட்டபின் நாம் கேட்கும் இரண்டாவது கேள்வி எது என்பதை வாசகர் ஒவ்வொருவரும் இன்றே தீர்மானித்து வைத்துக்கொள்வாராக.