தெறித்த கல் யாருடையது?

விறகு வெட்டுவதற்காக அண்டை வீட்டானோடு காட்டுக்குப் போன ஒருவன், மரத்தை நோக்கிக் கோடரியை ஓங்கிய வேளையில், இரும்பு காம்பினின்றும் கழன்று பறந்து பக்கத்தில் நின்றவன்மேல் பட்டு அவன் உயிர் போய்விட்டதென்றால், வெட்டியவனை என்ன செய்வது என்னும் கேள்வியை யூதர்களின் வேத நூல்களில் ஒன்றாகிய உபாகமம் எடுத்து ஆராய்கிறது. பகையோ முன்விரோதமோ இல்லாமல் நேர்ந்த சாவு. ஆகவே அவன் கொலைகாரன் அல்லன். ஆனாலும், வீட்டுக்குப் போய் வழக்கம்போல் உண்டு உறங்கும்படி சாஸ்திரம் அவனை விட்டுவிடவும் இல்லை. அடைக்கலப் பட்டணங்கள் என்று ஆறு ஊர்களைக் குறித்து, அவற்றுள் ஒன்றுக்கு ஓடிப்போய், அக்காலத்துப் பிரதான ஆசாரியர் இறக்கும் வரையில் அவன் அங்கேயே வசிக்க வேண்டும் என்று விதிக்கிறது. இறந்தவனுடைய உறவினரின் பழிவாங்குதலிலிருந்து அவனைக் காக்கும் அரணும் அதுதான். அவன் அனுபவிக்க வேண்டிய வனவாசமும் அதுதான். நிரபராதிக்கும் குற்றவாளிக்கும் நடுவே ஓர் ஊரைக் கட்டி அதில் அவனைக் குடியேற்றிய அந்தப் பழைய விவேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில், மக்கோத் என்னும் பகுதியில், இந்த விதியை யூத சாஸ்திரிகளாகிய ரபிகள் மேலும் அலசுகிறார்கள். காம்பிலிருந்து கழன்ற இரும்பு கொன்றால் அவன் அடைக்கலப் பட்டணத்துக்குப் போக வேண்டும், வெட்டுண்ட மரத்திலிருந்து தெறித்தது கொன்றால் போக வேண்டியதில்லை என்பது சான்றோர் பலருடைய கட்சி. ரபி யூதாவோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வீண் தர்க்கமாகவே படும். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. காம்பு தளர்ந்தது காட்டில் அல்ல, வீட்டில். அந்தக் கணத்தில் அல்ல, முந்திய நாள் மாலையிலோ முந்திய மாதத்திலோ. மரத்தினின்றும் சில்லு தெறிப்பதோ அந்தக் கணத்துக்கே உரிய நிகழ்ச்சி. ஒரு விபத்தின் பாவத்தை அதன் கணத்தில் தேடுவதா, அதற்கு முந்திய நாட்களில் தேடுவதா என்பதே இவ்விரு கட்சியினரும் தம்மை அறியாமலேனும் தொட்டுவிட்ட பிரச்சினை.

அந்த ரபிகள் கண்டிராத ஒரு கோடரி இப்போது அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களில், தேவாலயங்களை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களில், வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரையில் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒருவர் மேலே உட்கார்ந்து ஓட்டிச் செல்லும் பெரிய புல்வெட்டும் வண்டியைத்தான் சொல்லுகிறேன். ஸ்டியரிங் சக்கரம் இல்லாமல், மடிக்கு நேரே வளைந்து நிற்கும் இரண்டு நெம்புகோல்களில் ஒவ்வொன்றும் ஒரு பின்சக்கரத்தை ஆளும்படி அமைந்து, நின்ற இடத்திலேயே வட்டமிட்டுத் திரும்பக்கூடிய அந்த வண்டியின் வயிற்றடியில், ஐந்தடி அகலமுள்ள இரும்புக் கூண்டுக்குள், மூன்று எஃகு அலகுகள் கிடையாகச் சுழலுகின்றன. அலகின் நுனி நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 அடி ஓடுகிறது. அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். எதிர்நின்று பிடித்துக்கொடுக்க வேறொரு கத்தி இல்லாமல், வீச்சினாலேயே புல் அறுபட வேண்டியிருப்பதால் இந்த வேகம் தேவைப்படுகிறது. அதே வேகம் புல்லுக்குள் கிடக்கும் ஒரு கூழாங்கல்லைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டமோ கல்லாலேயே ஆன இடம். மே மாதக் கடைசித் திங்கட்கிழமையில், போரில் இறந்தோரை நினைந்து நட்டுவைக்கும் சிறு கொடிகளின் குச்சிகள், மலர்வளையம் தாங்கும் கம்பிக் கால்கள், உடைந்த பூச்சாடியின் ஓடு ஆகிய எல்லாம், அன்பினால் அங்கே வைக்கப்பட்டவையே ஆயினும், அலகுக்கு அகப்பட்டால் அம்புகளாகிவிடும். ஆகையால் வண்டியைக் கிளப்புவதற்கு முன் நிலம் முழுவதையும் கால்நடையாக ஒருமுறை சுற்றி, கண்டதைப் பொறுக்கி எடுப்பதும், புல் வெளியேறும் வாயை மறைக்கும் தடுப்பைக் கழற்றாமல் வைப்பதும், அந்த வாய் ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்பாதபடி ஓட்டுவதும் இந்தத் தொழிலின் ஆரம்பப் பாடங்கள்.

இயந்திரத்துக்கு முன்னே அரிவாள் இருந்தது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேல்மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலைக் கருவியைக் கண்டு, அதே யுக்தியைப் புல்லுக்குப் பயன்படுத்தி 1830-இல் காப்புரிமை பெறும் வரையில், புல்தரையைச் செம்மை செய்தவை நீண்ட கைப்பிடி அரிவாளும் ஆடுகளுமே. அந்த அரிவாளின் மகிமையை அறிய விரும்புவோர் டால்ஸ்டாயின் அன்னா கரீனினாவில் லெவின் குடியானவர்களோடு புல் அறுக்கும் பகுதியைப் படிக்கலாம். லெவின் தன்னை மறக்கிறான். கை தானாக வீசுகிறது. காலம் போவது தெரியவில்லை. நம் வேதாந்திகள் கண்டால் கர்மயோகம் என்று கொண்டாடியிருப்பார்கள். ஆனால் அவன் அருகே அறுத்துச் செல்லும் கிழவனை நான் அதிகமாக மெச்சுகிறேன். கிழவன் ஒரு வீச்சையும் தவறவிடாமலே காட்டுப்பழத்தைப் பார்க்கிறான், காடைக் கூட்டைப் பார்க்கிறான், குறுக்கே வந்த பாம்பை அரிவாள் நுனியில் தூக்கிக் காட்டி அப்பால் எறிகிறான். லெவினுடையது லயம், கிழவனுடையது விழிப்பு. அரிவாள் ஏந்தியவனுக்கு லயத்தினால் பெரிய கேடு வந்துவிடாது, ஏனெனில் கல்லில் பட்ட அதிர்ச்சி அவன் தோள்வரை ஏறி உடனே அவனை எழுப்பிவிடும். ஸ்பிரிங் வைத்த இருக்கையில், காதை அடைத்த கவசத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த அறிவிப்பு வருவதில்லை. மிகுந்த மகிழ்ச்சியில் பிறக்கும் மறதியை, அளவு கடந்த கோபத்தைவிடவும் கொடியதென்று பொச்சாவாமையில் வைத்துச் சொன்ன வள்ளுவர் இந்த இருக்கையை நன்றாகவே அறிந்தவர் போலும்!

வேண்டாமல் விளையும் ஹிம்சையைப் பற்றி நம் நாட்டுச் சாஸ்திரங்களும் நிறைய விசாரம் செய்திருக்கின்றன. கிருகஸ்தனுடைய வீட்டில் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்று மனுஸ்மிருதி கூறி, அவற்றில் அன்றாடம் மடியும் உயிர்களுக்குப் பிராயச்சித்தமாக ஐந்து மகாயக்ஞங்களை விதிக்கிறது. வாழ்வதே பிற உயிர்களுக்கு இடையூறு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட நேர்மை போற்றத்தக்கது. ஆனால் பிராயச்சித்தம் செய்துவிட்டவன் துடைப்பத்தை மெல்லப் பிடிக்க வேண்டும் என்று அந்த விதி வற்புறுத்துவதில்லை. மழைக்காலத்தில் பிக்ஷுக்கள் ஊர் சுற்றிப் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்து அழிக்கிறார்கள் என்று ஜனங்கள் முறையிட்டபோது, பிராயச்சித்தம் சொல்லாமல் மூன்று மாதம் ஓரிடத்திலேயே தங்கும்படி கட்டளையிட்ட புத்தர் ஒருபடி மேலே போகிறார். ஜைன ஆசாரியர்களோ கேள்வியின் வேரையே பிடித்துவிட்டார்கள். அஜாக்கிரதையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்று உமாஸ்வாதி வரையறுக்க, பின்வந்த அமிர்தசந்திரர், அஜாக்கிரதையாக நடப்பவன் உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் ஹிம்சை செய்தவனே என்றும், முழு ஜாக்கிரதையோடு நடந்தவன் காலடியில் ஒன்று மடிந்துபோனாலும் அவனை ஹிம்சை பற்றாது என்றும் விரித்துரைத்தார்.

இதன் முற்பகுதியை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிற்பகுதியில் எனக்குச் சற்றே தயக்கம் உண்டு. தான் ஜாக்கிரதையாகவே இருந்ததாக நினைத்துக்கொள்ளாத மனிதன் உலகத்தில் ஏது? இறந்தவனுடைய தாய்க்கு அந்த நினைப்பினால் ஆவதென்ன? அதனால்தான் அடைக்கலப் பட்டணமும் வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறேன். ஆனால் ஒருவருக்கும் தீங்கு விளையாத நாளிலும் பாவம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற அந்த முற்பகுதிதான் எத்தனை கூர்மையானது! அதற்கு இந்த வண்டியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இருக்கைக்கு அடியில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அலகுகள் ஓடிக்கொண்டிருக்கையில் ஓட்டுபவன் எழுந்தாலோ விழுந்தாலோ, எடை நீங்கியதை உணர்ந்து அது எஞ்சினை நிறுத்திவிடும். கையால் தள்ளும் வீட்டுப் புல்வெட்டிகளில், பிடியை விட்ட மூன்று விநாடிக்குள் அலகு நின்றாக வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் 1982-இல் கட்டாயமாக்கியதும் இதே நோக்கத்தினால்தான். மனிதன் மறப்பான் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்ட ஏற்பாடு இது. ஒழுக்கத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் மனிதனுடைய ஆன்மா சோம்பிவிடாதா என்று கேட்கும் நீதிமான்கள் உண்டு. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், இல்லையேல் விழுந்து சாகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று அதே உபாகமம் சொல்கிறதே, அந்தச் சுவரினால் எவன் ஆன்மா சோம்பிவிட்டது?

கரடுமுரடான தரையில் வண்டி குலுங்கும்போது ஓட்டுபவனுடைய உடல் கணநேரம் இருக்கையை விட்டு மேலெழ, எஞ்சின் அடிக்கடி நின்றுபோகிறது. தொல்லை பொறுக்க மாட்டாமல், அந்தச் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் முடிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் வண்டி நிற்காமல் ஓடுகிறது. வேலை விரைவில் முடிகிறது. ஒரு பருவம் முழுவதும் யாருக்கும் ஒரு கீறலும் படாமல் போகலாம். அமிர்தசந்திரருடைய கணக்கில், கம்பியை முடிந்த அன்றைக்கே ஹிம்சை நிறைவேறிவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், நாள்தோறும் வேலை தொடங்குமுன் அலகை ஓடவிட்டு இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, எஞ்சின் நிற்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவன் இருக்கிறான். அவன் செய்வது நித்திய கர்மாநுஷ்டானமே.

பட்டறையில் நடக்கும் காரியங்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் கம்பிகளையும் கழற்றி ஒதுக்கிய பிறகே அலகைத் தொட வேண்டும். ஜாக்கி தூக்கிப் பிடித்திருக்கிறதென்று நம்பி அடியில் நுழையாமல், உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். அலகைக் கழற்றிச் சாணை பிடித்ததும், அதன் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஓர் ஆணியில் மாட்டிவிட்டுக் கையை எடுக்கிறார் பட்டறைக்காரர். ஒரு பக்கம் மெல்லத் தாழ்கிறது. தாழ்ந்த பக்கத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்து மறுபடியும் மாட்டுகிறார், இப்போது மற்றப் பக்கம் தாழ்கிறது, அதையும் தேய்க்கிறார். தராசுக்கோல் போல அது கிடையாக அசையாமல் நிற்கும் வரையில் அவருக்கு அவசரமில்லை. சமன் தவறிய அலகு சுழலும்போது தாங்கும் அச்சையும் பேரிங்குகளையும் நாளடைவில் உலுக்கித் தளர்த்திவிடும். பின்பு போல்ட்டைக் கைப்பலத்தை நம்பாமல் டார்க் ரெஞ்சினால், கையேடு குறித்த அளவுக்கு இறுக்குகிறார். கோடரிக்காம்பு தளரும் இடம் இதுதான். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க விரலை வைக்காமல் ஓர் அட்டைத் துண்டை வைக்கிறார். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். சூடான எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுவதில்லை. ஆறட்டும் என்று காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பை எந்தச் சம்பளப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

சரிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இத்தகைய வண்டியைப் பொதுவாக ஏற்றுவதில்லை. முன்சக்கரங்கள் தாமாக உருளுபவையே ஆகையால், ஈரப்புல்லில் பின்சக்கரம் பிடியை இழந்தால் திசையும் தடையும் ஒருங்கே போய்விடும். தலைக்குமேல் நிற்கும் காப்பு வளையத்தை உயர்த்தியிருந்தால் இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொள்ள வேண்டும், மடக்கியிருந்தால் பூட்டலாகாது. குழந்தையை மடியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் தகப்பன்மாரைப் பற்றியோ, கொஞ்சமும் இரக்கமின்றியே பேச வேண்டும். அந்த இன்பத்தை நினைத்து மறுநாள் வண்டியின் பின்னால் ஓடிவரும் குழந்தை, பின்னோக்கி நகரும் வண்டிக்குத் தெரிவதில்லை.

ஆங்கிலக் கவி பிலிப் லார்கின், ஹல் நகரில் தம் தோட்டத்துப் புல்லை மோட்டார்ப் புல்வெட்டியால் வெட்டுகையில், நெடும்புல்லில் பதுங்கியிருந்த ஒரு முள்ளெலியைக் கொன்றுவிட்டார். 1979-இல் நடந்தது. அதை அவர் ஒரு கவிதையாக எழுதினார். அந்தப் பிராணியை முன்பே பார்த்திருந்ததையும் ஒருமுறை உணவிட்டதையும் மறைக்காமல் சொன்னார். தெரியாமல் நடந்துவிட்டது என்று தப்பித்துக்கொள்ள இடமிருந்தும் தப்பித்துக்கொள்ளாத அந்த மனம் உயர்ந்தது. ஆயினும், துக்கத்துக்கு முன்னதாகவே நெடும்புல்லை ஒரு குச்சியால் விலக்கிப் பார்க்கும் சாதாரண வேலைக்காரனையே நான் தர்மவான் என்பேன். அவனைப் பற்றி யாரும் கவிதை எழுதப்போவதில்லை, ஏனெனில் அவன் தோட்டத்தில் ஒன்றும் நிகழவில்லை.

இதுவரையில் ஓட்டுபவனையே விசாரித்துவிட்டேன். அது முழு நியாயம் ஆகாது. அந்தத் துண்டுக் கம்பி இருக்கைக்கு அடியில் கிடப்பது ஓட்டுபவனுக்கு மட்டுமா தெரியும்? ஒரு பருவத்துக்கு இத்தனை டாலர் என்று மொத்தமாகப் பேசி, நாலு கல்லறைத் தோட்டங்களை ஒரே நாளில் முடிக்கச் சொல்லி ஆளை அனுப்பும் ஒப்பந்தக்காரனுக்கும், அதைவிடக் குறைந்த தொகைக்கு வேறொருவன் கிடைப்பானா என்று ஆண்டுதோறும் பார்க்கும் நிர்வாகக் குழுவினருக்கும், அவசரம் எங்கே போய் முடியும் என்பது தெரியாததல்ல. முட்டும் மாட்டைப் பற்றி, யூதர்களின் மற்றொரு வேத நூலாகிய யாத்திராகமம் ஒரு சட்டம் சொல்கிறது. திடீரென்று முட்டி ஒருவரைக் கொன்றால் மாடு மட்டும் சாக வேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. அது முட்டும் மாடென்று முன்னமே அவனை எச்சரித்திருந்தும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், மாட்டோடு அவனும் சாக வேண்டும். வண்டியோடு வரும் கையேட்டின் முதல் பக்கங்கள் முழுவதும் எச்சரிக்கைதான். அதை வாங்கிவைத்துக்கொண்டவன் ஓட்டுபவன் அல்லன், வண்டிக்குச் சொந்தக்காரன்.