பதினைந்து வயதுவரை யார் தீனி போடுவது?

பசு கன்று ஈன்றால்தான் பால். ஈனுகிற கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண். புதுச்சேரியில் விடிந்ததும் பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைக்கிற எந்த வீட்டிலும், அந்தப் பாதி எங்கே போகிறது என்று கேட்பாரில்லை.

ஒரு காலத்தில் காளைக்கன்றுக்கு வேலை இருந்தது. காயடித்துப் பழக்கினால் ஏருக்கும் கிணற்றுக் கவலைக்கும் பார வண்டிக்கும் ஆகும். டிராக்டரும் மோட்டாரும் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. போதாததற்கு, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பில் பிறக்கிற காளைக்குத் திமில் சரியாக எழும்புவதில்லை. நுகத்தடி கழுத்தில் உட்காராது. பங்குனி வெயிலில் பத்து மணிக்கே மூச்சு வாங்கும். பிறந்த அன்றே அது வீட்டுக்கு உபரி.

பாகூர்ப் பக்கம் கறவை வைத்திருக்கும் என் சித்தி இதை மூடி மறைக்க மாட்டார். "காளக்கன்ன வச்சிக்கினு இன்னாடா பண்றது? அதுக்கு வுடுற பால சொசைட்டில ஊத்துனா தவிட்டுக் காசாவது வரும்" என்பார். பல வீடுகளில் நடப்பது இதுதான்: கன்றை மடியில் முட்டவிட்டு, பால் சுரந்ததும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அது மெலியும், கழிச்சல் பிடிக்கும், ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. யாரும் கொல்லவில்லை. பால் விடவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பார்கள். இப்போது அந்தச் சிரமமும் இல்லை, பாலைச் சுரக்க வைக்கும் ஊசி வந்துவிட்டது.

பேச்சு அப்படி இருந்தாலும் சித்தி கன்றைச் சாகவிடுவதில்லை. வாய் ஒன்று, கை ஒன்று. காளைக்கன்றுகளும் ஒரு காம்புப் பால் குடித்துத் தேறும். கோடையில் ஏரி வற்றினால் ஏரிக்குள், அறுவடை முடிந்தால் தாளடியில், மற்ற நாளில் வரப்போரம் மேயும். இரண்டு வருடம் புல்லும் வெயிலும் பார்த்த காளை உருண்டு திரண்டு நிற்கும். பிறகு வியாபாரி வருவார். இல்லாவிட்டால் மதகடிப்பட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போக வேண்டும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். விற்றவர் கயிற்றை அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வார். மாட்டோடு கயிறும் போனால் வீட்டு லட்சுமி போய்விடும் என்பது நம்பிக்கை. வாங்கியவர் தன் கயிற்றைப் போட்டு இழுத்துப் போவார்.

எங்கே? அதைச் சித்தியும் கேட்பதில்லை, வியாபாரியும் சொல்வதில்லை.

சட்டத்தைக் கேட்டால் அது போகக்கூடிய இடமே கிடையாது. புதுச்சேரியின் 1968ஆம் ஆண்டுப் பசுவதைத் தடுப்புச் சட்டப்படி பசுவையோ கன்றையோ வெட்டக் கூடாது. காளையும் எருதும் பதினைந்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அல்லது உழைப்புக்கோ இனவிருத்திக்கோ ஒருபோதும் உதவாது என்றாகி, அதற்குச் சான்றிதழும் வாங்கியிருக்க வேண்டும். நம் புதுச்சேரி மாவட்டமோ துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. பாகூரிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே கடலூர் மாவட்டமோ விழுப்புரம் மாவட்டமோ வந்துவிடும். அங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயது என்கிறது. மேற்கே பொள்ளாச்சியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் கெடுபிடி இன்னும் குறைவு. காளையின் வயது ஏறுவதில்லை, எல்லைதான் மாறிக்கொண்டே போகிறது. இரண்டு வயதுக் காளைக்கு மீதி பதின்மூன்று வருடம் யார் தீனி போடுவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2017 மே மாதம் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கவே கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோதும் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. அந்த மாதமே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

இதே புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களின் உணவகங்களில் பீஃப் ஸ்டேக் கிடைக்கும். பிரான்ஸில் சரோலே என்ற வெள்ளை மாட்டினத்தை வளர்ப்பவர் முதல் நாளிலிருந்தே அதைக் கறிக்கென்றுதான் வளர்க்கிறார். காயடித்து, புல்வெளியில் விட்டு, குளிர்காலத்தில் தொழுவத்தில் உலர்புல் போட்டு, மூன்று வயதை ஒட்டி அனுப்புகிறார். கொல்வதற்கென்றே வளர்ப்பதா என்று நமக்குக் குமட்டும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நான் மாட்டுக்கறி சாப்பிடுகிறவன் இல்லை. ஆனால் பால் குடிக்கிறவன். இந்த விஷயத்தில் பேச அந்தத் தகுதி போதும், பதில் சொல்லும் கடமையும் அதிலேயே வந்துவிடுகிறது. முடிவு என்னவென்று தெரிந்தே அந்த முடிவுவரை வயிறு நிறையப் புல் கொடுக்கிறவரைவிட, முடிவைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கன்றைப் பட்டினி போடுகிற ஏற்பாடு எந்த வகையில் கருணையானது என்று எனக்கு விளங்கவில்லை. சித்தியின் காளை சாவதற்கு முன் இரண்டு வருடம் வாழ்ந்தது. அவர் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார் என்பது என் குறை. ஆனால் குறை சொல்கிற நான் அந்தக் காளைக்கு ஒரு கட்டுப் புல் அறுத்துப் போட்டதில்லை.

அந்த இரண்டு வருடத்துக்கும் இடம் வேண்டுமே. கொங்கு நாட்டில், காங்கேயம் பக்கம், கொறங்காடு என்று தனியாக மேய்ச்சல் நிலமே வைத்திருக்கிறார்கள். கிளுவை வேலி, வெள்வேல மர நிழல், கீழே கொழுக்கட்டைப் புல். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும். இங்கே வில்லியனூரைத் தாண்டினாலே மேய்ச்சல் வெளி மனைப்பிரிவாகி, வெள்ளை அடித்த கல் நட்டுக் கிடக்கிறது. ஊசுடு ஏரி பறவைகளுக்கென்று ஆகிவிட்டது, அது நல்லதுதான். காளை தெருவுக்கு வந்து சுவரொட்டியைத் தின்கிறது.

இப்போது பெண் கன்றாகவே பிறக்க வைக்கும் விந்து ஊசி வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி என்கிறார்கள். சித்திக்கு ஏக மகிழ்ச்சி. காளைக்கன்றை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் தேடாமலேயே, காளைக்கன்று பிறக்காமல் செய்துவிட்டோம். பட்டினி கிடந்து சாவதைவிடப் பிறக்காமலிருப்பது மேல் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பத்தாவது கன்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுதானடா, ஏரில மேஞ்சிட்டுப் போவுது."