இடுகாட்டு மண்ணில் ரோஜா

ரோம் நகரின் சர்க்கஸ் மாக்சிமஸ் மைதானத்துக்கு எதிரே, அவென்டைன் குன்றுச் சரிவில் மாநகராட்சியின் ரோஜாத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 1,100 வகைச் செடிகள். மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பில் வாடும் ‘மியூட்டாபிலிஸ்’ என்ற சீன ரோஜாவையும் பச்சையாகவே பூக்கும் ‘விரிடிஃப்ளோரா’வையும் பார்க்க வசந்தத்தில் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தை வாசலில் எதிர்கொள்வது, மோசேயின் கட்டளைப் பலகைகளின் வடிவில் நிற்கும் ஒரு நினைவுக்கல்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. 1645 முதல் 1934 வரை இது ரோம் யூதர்களின் இடுகாடு.

அவர்களில் பல தலைமுறையினர் உயிரோடிருந்தபோது, 1555-இல் போப் நான்காம் பவுல் எழுப்பிய சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள். செத்த பிறகும் கெடுபிடி ஓயவில்லை. யூதர் கல்லறைகளில் எழுத்துப் பொறிக்கக் கூடாது என்று 1625-இல் போப் எட்டாம் அர்பன் தடை போட்டார். தலைமுறை தலைமுறையாகப் பெயரில்லாமலே புதைந்தார்கள். இன்று அதே நிலத்தில் ஒவ்வொரு ரோஜாச் செடிக்கும் பெயர்ப்பலகை உண்டு.

1934-இல் முசோலினி ஆட்சி சாலை போடுவதற்காக இடுகாட்டை அகற்றியது. கல்லறைகள் வெரானோ மயானத்துக்குப் போயின. ரோஜாத் தோட்டம் அப்போது வேறிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் பிறந்த மேரி கெய்லி சென்னியின் முயற்சியால் 1932-இல் ஒப்பியன் குன்றில் உருவான அதை இரண்டாம் உலகப் போர் அழித்தது. புது இடம் தேடிய மாநகராட்சி 1950-இல் யூத சமூகத்தின் இசைவைக் கேட்டது. சமூகம் இசைந்தது. நினைவுக்கற்கள் நிறுவப்பட்டன, மேல்பகுதியின் நடைபாதைகள் ஏழு கிளை விளக்கான மெனோராவின் வடிவில் அமைந்தன. அந்த விளக்கை எருசலேமிலிருந்து ரோமானியப் படை கொள்ளையடித்து வந்த காட்சி, சற்றுத் தொலைவில் தீத்துஸ் வளைவில் செதுக்கப்பட்டிருக்கிறது. இசைவு தந்த சமூகம், ஏழே ஆண்டுகளுக்கு முன், 1943 அக்டோபர் 16 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாஜிகளிடம் பறிகொடுத்த சமூகம்.

இருப்பவர்கள் தந்த இசைவு இறந்தவர்களையும் கட்டுப்படுத்துமா? யூத மரபு இதில் கறாரானது. இடுகாட்டில் ஆடுமாடு மேய்க்கக் கூடாது, வாய்க்கால் வெட்டக் கூடாது, புல் அறுக்கக் கூடாது. அறுத்துவிட்டால் அங்கேயே எரித்துவிட வேண்டும் என்கிறது யூதச் சட்டநூலான தல்மூத். இறந்தவரின் மரியாதையைக் காப்பதே இதன் உட்கருத்து. கல்லறையில் பூ வைப்பதைவிடச் சிறு கல் வைப்பதே அவர்கள் வழக்கம். அப்படியிருக்க, புதிய ரோஜாக்களுக்குப் பரிசளிக்கும் போட்டியே அங்கு நடக்கிறது.

மறுபக்கமும் பலவீனமானதல்ல. தோட்டம் வராமல் போயிருந்தால் அந்தச் சரிவு குடியிருப்பாகவோ வாகன நிறுத்தமாகவோ மாறியிருக்கலாம். இங்கே யாரும் கட்டடம் எழுப்பவில்லை, பூப்பறிக்க யாருக்கும் அனுமதியில்லை, வாசற்கல் பழைய கதையை மறைக்கவுமில்லை. அழகு இங்கே ஒரு நிபந்தனையோடு வந்திருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையின் முக்கிய அடையாளமான மெனோரா மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். அதன் கிளைகள் மீதே நடப்பவர் கண்ணில் படுவது பூ மட்டும்தான்.

இந்தக் கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதல்ல. மோசேயின் சகோதரர் ஆரோனின் வழிவந்த ‘கோஹென்’ என்ற குருக்கள் குலத்து ஆண்கள் நெருங்கிய உறவினரின் அடக்கத்துக்கன்றி இடுகாட்டில் கால்வைக்கக் கூடாது என்பது விதி. அந்தக் குலத்தவர் ஒருவர் மே மாதக் காலையில் இங்கு வந்தால், 1934-இல் எலும்புகள் ஒன்றுவிடாமல் எடுக்கப்பட்டனவா என்பதை யோசித்து, இது தோட்டமா இடுகாடா என்று வாசலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.