கையெழுத்தில் யாருடைய பெயர்?

சிலிபினில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நடிகரின் படம், கீழே நீல மையில் கையெழுத்து. 1960களில் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த வயதில் சென்னைக்குக் கடிதம் போட்டு வாங்கியது. இப்போது யாரோ வந்து, "இது அவர் போட்டதில்ல மாமா, ஆபீஸ்ல வேலை செஞ்ச ஆள் போட்டது" என்று நிரூபித்துவிட்டால், பெரியவர் எதையாவது இழந்தாரா?

"ஒண்ணும் இல்ல, அறுபது வருஷ சந்தோஷம் உண்மைதானே" என்பார்கள் பலர். எனக்கு அது போதவில்லை. சந்தோஷத்துக்குப் படம் மட்டும் போதுமென்றால், 'பேசும் படம்' இதழிலிருந்து ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டியிருக்கலாமே. கடிதம் எதற்கு?

ராமாவரம் தோட்டத்துக்கோ, தியாகராய நகர் அன்னை இல்லத்துக்கோ இங்கிருந்து எழுதுவது லேசான காரியமில்லை. பதிலுக்குத் தபால்தலை வைக்கலாமென்றால் நம் நாட்டுத் தலை அங்கே செல்லாது. 1906-ல் ரோமில் கூடிய உலக அஞ்சல் ஒன்றிய மாநாடு இதற்கென்றே ஏற்படுத்திய பதில் கூப்பனைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே வைக்க வேண்டும். தோட்டத்துக் கூலியில் அது ஒரு செலவு.

அந்தச் செலவுக்கு அவர் கேட்டது என்ன? தோட்டத்தில் அவர் பெயரைப் பிறர் உச்சரித்தது காலைப் பெரட்டில். பிறர் எழுதியது கிராணியின் செக்ரோலில். இரண்டுமே கூலிக் கணக்குக்காக. 'அன்புத் தம்பிக்கு' என்று ஆரம்பித்துத் தன் பெயரைக் கணக்குக்கு வெளியே ஒருவர் எழுத வேண்டும் என்பதே அவர் ஆசை. நடிகரின் பெயர்தான் போஸ்டர் போஸ்டராக ஊரெல்லாம் இருக்கிறதே. கையெழுத்து என்பது 'உன் பெயரை என் கண் பார்த்தது' என்பதற்கான ரசீது. பார்க்காமலே கொடுத்த ரசீது பொய் ரசீதுதான். ஆகவே பெரியவர் இழந்திருக்கிறார்.

சரி, மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் ஒரு மனுஷன் என்னதான் செய்வார்? நேர்மையான வழிகள் இல்லாமலில்லை. காந்தி ஹரிஜன நிதிக்கு 5 ரூபாய் கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். விலையும் காரணமும் வெளிப்படை. பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டார் 2008-ல், அக்டோபர் 20-க்குப் பிறகு வரும் ரசிகர் கடிதங்களுக்குக் கையெழுத்துக் கிடையாது என்று வீடியோவில் சொல்லிவிட்டார். நிறையப் பேர் திட்டினார்கள். ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. மாறாக 2022-ல் பாப் டிலனின் புத்தகம் 900 பிரதிகள், கையால் ஒப்பமிட்டவை என்ற பதிப்பாளரின் சான்றோடு, ஏறக்குறைய 600 டாலருக்கு விற்கப்பட்டன. ஒப்பமிட்டது இயந்திரம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், டிலனும் வருத்தம் தெரிவித்தார். இயந்திரம் போட்டது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அதில் குற்றமே இல்லை. அச்சிட்ட கையெழுத்தை 'அச்சு' என்று சொல்லி அனுப்புவதும் அப்படித்தான்.

ஆனால் இந்தத் தராசில் ரசிகரையும் ஏற்ற வேண்டும். 'நீங்கதான் என் உயிர்' என்று ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றிப் பத்து நடிகர்களுக்கு அனுப்பிப் படம் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களும் ஒருவகையில் இயந்திரம்தான். இயந்திரத்துக்கு இயந்திரம் பதில் போட்டால் யார் யாரைக் குறை சொல்வது? முகவரிக்கு உரியவரை மட்டுமே நினைத்து எழுதியவருக்குத்தான் ஏமாந்தேன் என்று சொல்லும் உரிமை உண்டு.

இன்று நம் கையில் இன்ஸ்டாகிராம். நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து ஒரு இதயக்குறி வந்தால் இரவு தூக்கம் போய்விடுகிறது. அனுப்பியது அட்மினாக இருக்கலாம். 'இந்தப் பக்கத்தை என் குழு நடத்துகிறது' என்று முகப்பில் ஒரு வரி போடும் நடிகரை எனக்குப் பிடிக்கும். அந்த ஒரு வரியில் அவர் நம்மை மதிக்கிறார்.